காவலாளி களைத்துப் போனால்… இரத்தப் புற்றுக்கு முன்பே தொடங்கும் மாற்றம்



கெடா மாநிலத்தில் நாங்கள் அரங்கம் நடத்தப் போகும் இடங்களில் எல்லாம், பீடோங் ஆனாலும் பாடாங் செராய் ஆனாலும், உடல்நலக் கேள்விகளில் முதலிடம் இனிப்புநீருக்குத்தான். அடுத்தது இரத்த அழுத்தம், அதற்கடுத்தது மூட்டுவலி. அந்த வரிசையில் இல்லாத கேள்வி ஒன்று அண்மையில் வந்தது. கேட்டவர் தோட்டத்தில் பிறந்து, இப்போது பட்டணத்துத் தாமானில் குடியிருப்பவர்.

"என் அப்பாவுக்கு வெள்ளை அணு கூடுதலாக இருக்கிறதாம். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிச் சோதித்தார்கள். 'இது ஒரு வகை இரத்தப் புற்று. ஆனால் இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். புற்றுநோய் என்று சொல்லிவிட்டு மருந்து கொடுக்காமல் அனுப்புவார்களா? நாங்கள் பணக்காரர்களாக இருந்தால் இப்படி நடக்குமா?"

நியாயமான கோபம்தான். நான் டாக்டர் இல்லை; கேமராவுக்கு முன்னால் நின்று கேள்வி கேட்பது என் தொழில். ஆகவே நிபுணர்களிடம் கேட்டும், மருத்துவ ஏடுகளைப் படித்தும் தெரிந்துகொண்டதை அரங்கில் சொன்னேன். அதையே இங்கே எழுத்தில் தருகிறேன். சுருக்கமாகச் சொன்னால், மருந்து வேண்டாம் என்று சொன்னது சரி. ஆனால் அதைக் கேட்டுவிட்டு "ஒன்றும் இல்லை" என்று வீட்டில் இருந்துவிடுவது தவறு. இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? அதற்கு நம் உடம்பின் காவல் படையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்?

லுக்கேமியா என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்முன் வருவது தமிழ்ப் படக் கதாநாயகிதான். இருமுவார், கைக்குட்டையில் இரத்தம் இருக்கும், அடுத்த காட்சியில் மரணம்! உண்மையில் லுக்கேமியா ஒரே நோய் அல்ல. வேகமாகத் தாக்கும் வகைகள் உண்டு. மெதுவாக, ஆண்டுக்கணக்கில் வளரும் வகைகளும் உண்டு. மெதுவாக வளர்பவற்றை நாட்பட்ட லுக்கேமியா என்கிறார்கள்.

அதிலும் முக்கியமானவை இரண்டு. ஒன்று, சி.எம்.எல்.; 2001-இல் வந்த இமாட்டினிப் என்ற மாத்திரை அந்த நோயின் தலையெழுத்தையே மாற்றியது. மற்றொன்று, சி.எல்.எல். இன்று நாம் பேசப்போவது இந்த இரண்டாவதைப் பற்றி.

சி.எல்.எல். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. மேல்நாடுகளில் பெரியவர்களிடையே அதிகம் காணப்படும் லுக்கேமியா இதுதான். நம் ஆசிய மக்களிடையே மிகக் குறைவு. அமெரிக்காவில் குடியேறிய ஆசியர்களிடமும் அது குறைவாகவே இருப்பதால், உணவை விடப் பரம்பரைக் கூறே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். குறைவு என்றால் இல்லை என்று பொருள் அல்ல. அரிதாக வருவதால்தான் நம் குடும்பங்களில் யாருக்காவது வந்தால், அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பதில்லை.

நோய்க்கு முன்னால் ஒரு நிலை

நம் இரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவுக்கு லிம்போசைட் என்று பெயர். அதில் பி செல், டி செல் என்று முக்கியமான இரண்டு வகைகள். பி செல் என்பது கிருமிக்கு எதிரான ஆயுதங்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை. அந்த ஆயுதங்களைத்தான் எதிர்ப்பொருள் என்கிறோம். டி செல் என்பது காவல் படை. கிருமி புகுந்த செல்லை நேரில் கண்டுபிடித்து அழிப்பது, மற்ற அணுக்களுக்கு உத்தரவு கொடுப்பது எல்லாம் இதன் வேலை.

சி.எல்.எல். நோயில் கெட்டுப்போவது பி செல்தான். ஒரே ஒரு பி செல் தடம் மாறி, தன்னைப் போலவே நகல்களைப் போட்டுக்கொண்டே போகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு சொட்டில் சிறு துளி அளவில், அப்படிப்பட்ட நகல் பி செல்கள் 5,000 அல்லது அதற்கு மேல் இருந்து, அது மூன்று மாதமாவது நீடித்தால் அதைச் சி.எல்.எல். என்கிறார்கள்.

5,000-க்குக் கீழே இருந்து, நெறி வீக்கமோ வேறு அறிகுறியோ இல்லையென்றால்? அது நோய் அல்ல. நோய்க்கு முந்திய நிலை. அதற்கு எம்.பி.எல். என்று பெயர். இதற்கான வரையறையை அனைத்துலக நிபுணர் குழு ஒன்று 2005-இல் வெளியிட்டது.

2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 77,000-க்கும் அதிகமான ஆரோக்கியமான பெரியவர்களிடம் முன்பே இரத்தம் எடுத்துச் சேமித்து வைத்திருந்தார்கள். அவர்களில் பின்னாளில் சி.எல்.எல். கண்ட 45 பேரின் பழைய இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். 44 பேரின் இரத்தத்தில், நோய் தெரிவதற்கு முன்பே அந்த நகல் பி செல்கள் இருந்தன. சிலருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே! அதாவது, இந்த நோய் திடீரென்று வாசலில் வந்து நிற்பதில்லை. எத்தனையோ காலமாக வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பயந்துவிடாதீர்கள். முன்நிலை உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு நோயாக மாறுவது அபூர்வம். எண்ணிக்கை கூடுதலாக உள்ளவர்களிலும், சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் போகிறவர்கள் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அல்லது இருவர்தான்.

டி செல் யார்?

டி என்ற எழுத்து தைமஸ் என்ற சுரப்பியின் பெயரிலிருந்து வந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் சிறிய உறுப்பு அது. எதற்கும் உதவாத உறுப்பு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், எலிகளுக்கு வரும் லுக்கேமியாவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, பிறந்தவுடன் தைமஸை எடுத்துவிட்டால் எலிகள் கிருமிகளை எதிர்க்க முடியாமல் இறந்துபோவதைக் கண்டார். காவல் படைக்குப் பயிற்சி கொடுக்கும் முகாம் அந்தச் சுரப்பிதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. லுக்கேமியாவைத் தேடிப் போன இடத்தில் டி செல்லின் பிறப்பிடம் கிடைத்தது!

இப்போது கேள்விக்கு வருவோம். கெட்டுப்போனது பி செல். அப்படியானால் டி செல்லுக்கு என்ன வந்தது?

எண்ணிக்கை கூடுகிறது, வேலை குறைகிறது

சி.எல்.எல். நோயாளியின் இரத்தத்தில் டி செல்களை எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அவை பெரும்பாலும் குறைவதில்லை. வழக்கத்தை விட அதிகமாகவே இருக்கின்றன. ஆனால் வேலை நடப்பதில்லை. ஏன்?

பால் வெட்டியவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். பால்மரத்தை அளவோடு வெட்டினால் ஆண்டுக்கணக்கில் பால் கொடுக்கும். ஓய்வு கொடுக்காமல், விளைச்சல் கூட்டும் மருந்தையும் தடவித் தடவி, நாள் தவறாமல் வெட்டினால் என்ன ஆகும்? ஒரு நாள் பட்டை காய்ந்துவிடும். மரம் நிற்கும், இலை பச்சையாகவே இருக்கும். கத்தியை வைத்தால் பால் வராது.

டி செல்லுக்கும் இதே கதிதான். சாதாரணக் காய்ச்சல் என்றால் டி செல் ஒரு வாரம் போராடும், கிருமி ஒழியும், டி செல் ஓய்வெடுக்கும். ஆனால் சி.எல்.எல். செல்கள் ஆண்டுக்கணக்கில் உடம்பிலேயே இருக்கின்றன. எதிரி எதிரிலேயே நிற்கிறான், ஓய்வே இல்லை. தூண்டித் தூண்டியே டி செல் களைத்துப் போகிறது. இதை டி செல் களைப்பு என்றே மருத்துவ ஏடுகள் குறிப்பிடுகின்றன.

களைத்த டி செல்லின் மேற்புறத்தில் பி.டி.-1 போன்ற சில அடையாளங்கள் கூடுதலாக முளைக்கின்றன. பி.டி.-1 என்பது வாகனத்தின் பிரேக் மாதிரி. இந்தப் பிரேக்கைக் கண்டுபிடித்த ஜப்பானியர் தசுக்கு ஹோன்ஜோவுக்கும், வேறொரு பிரேக்கை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. சி.எல்.எல். நோயாளிகளின் டி செல்களில் இந்தக் களைப்பின் அடையாளங்கள் இருப்பதை 2013-இல் லண்டன் ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டினார்கள். அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. அந்த டி செல்கள் முற்றிலும் செத்துப் போகவில்லை. சில வேலைகளை இன்னும் செய்தன.

நம் கேள்விக்கு இன்னொரு செய்தி முக்கியம். நோய்க்கு முந்திய நிலையான எம்.பி.எல். உள்ளவர்களிடமும் டி செல் மாற்றங்களின் தொடக்கத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பலவிதமான எதிரிகளைப் பார்க்க வேண்டிய படையில், சில வகை டி செல்கள் மட்டும் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கின்றன. அதாவது, நோய் என்று பெயர் வைப்பதற்கு முன்பே காவல் தளரத் தொடங்குகிறது.

ஐ.சி. பார்க்காத காவலாளி

டி செல் எதிரியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தொழிற்சாலை வாசலில் காவலாளி ஒவ்வொருவரின் ஐ.சி.யையும் வாங்கிப் பார்ப்பது மாதிரி, டி செல்லும் எதிரில் வரும் செல்லோடு நெருங்கி ஒட்டிக்கொண்டு சோதிக்கும். அந்த நேரத்தில் டி செல்லின் உள்ளிருக்கும் நார்கள் எல்லாம் ஒட்டிய இடத்துக்கு நகர்ந்து ஒரு பிடிப்பை உண்டாக்கும். அந்தப் பிடிப்பு சரியாக அமைந்தால்தான் அடுத்த நடவடிக்கை.

சி.எல்.எல். நோயாளியின் டி செல்லில் அந்தப் பிடிப்பு சரியாக அமைவதில்லை. 2008-இல் லண்டனில் நடந்த ஆய்வு இதைக் கண்டது. அதோடு, நோயே இல்லாத ஒருவரின் நல்ல டி செல்லைக் கொண்டுவந்து சி.எல்.எல். செல்களோடு சேர்த்து வைத்தாலும், கொஞ்ச நேரத்தில் அதற்கும் அதே கோளாறு தொற்றிக்கொண்டது. ஆக, கோளாறு டி செல்லோடு பிறந்தது அல்ல; சேர்க்கையால் வந்தது. லெனலிடோமைட் என்ற மருந்தைச் சேர்த்தபோது அந்தப் பிடிப்பு மீண்டும் ஓரளவு சரியானது. வந்த கோளாறு திரும்பவும் சரியாகலாம் என்ற நம்பிக்கையை மருத்துவ உலகுக்குக் கொடுத்த ஆய்வு அது.

வேலியே பயிரை மேய்ந்தால்

இதோடு முடியவில்லை. டி செல்களில் உதவியாளர் வகை ஒன்று உண்டு. பி செல்லுக்கு ஊக்கம் கொடுத்து எதிர்ப்பொருள் தயாரிக்க வைப்பது அதன் வேலை. எந்த பி செல் நல்லது, எது கெட்டது என்று தெரியாமல், நெறிகளுக்குள்ளே சி.எல்.எல். செல்களுக்கும் அதே ஊக்கத்தைக் கொடுத்துவிடுகிறது. திருடனுக்கு காவலாளியே தேநீர் கொடுத்து உட்காரவைத்தது மாதிரி! சண்டையை அடக்கி வைக்கும் வேறொரு வகை டி செல்லும் இந்த நோயில் கூடுகிறது.

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறேன்" என்று சொல்லி விற்கப்படும் டானிக்குகளைப் பற்றியும் அரங்கில் கேட்டார்கள். இப்போது நீங்களே பதில் சொல்லுங்கள். டி செல் எண்ணிக்கை குறைந்தா போனது? இல்லையே! அதிகமாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு பங்கு களைத்திருக்கிறது, ஒரு பங்கு எதிரிக்கே உதவுகிறது. இதில் எதைக் கூட்டுவது? பாட்டிலில் ஊற்றிக் குடித்துச் சரிசெய்யும் கோளாறு அல்ல இது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில பாரம்பரிய மருந்துகளிலும் ஜாமுவிலும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டின் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. குடித்தவுடன் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், தெம்பு வந்த மாதிரி இருக்கும். உள்ளே டி செல்களை மேலும் அடக்கிவிடும். ஏற்கெனவே களைத்த காவலாளிக்குத் தூக்க மாத்திரை கொடுத்தது போலாகும்.

மருந்து கொடுக்காதது ஏன்?

இதெல்லாம் நடக்கிறது என்றால் முதலிலேயே மருந்து கொடுத்து அடித்துவிடலாமே? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். தொடக்க நிலை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு உடனே மருந்து, மற்றவர்களுக்கு நோய் முற்றினால் மட்டும் மருந்து என்று பிரித்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு 1998-இல் வெளிவந்தது. உடனே மருந்து எடுத்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. சரி, அது பழைய மருந்து. 2014-இல் சி.எல்.எல். நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்ருட்டினிப் என்ற புதிய மாத்திரையைக் கொண்டு ஜெர்மனியிலும் அப்படியே சோதித்தார்கள். நோய் வளர்வது தாமதமானது உண்மை. ஆனால் அறிகுறி இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்ததால் ஆயுள் கூடவில்லை.

நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் முறையை 1975-இல் வகுத்துக் கொடுத்தவர், இந்தியாவின் ஜோத்பூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் கான்டி ராய். நெறி வீங்கியிருக்கிறதா, மண்ணீரல் பெருத்திருக்கிறதா, சிவப்பணுவும் இரத்தத் தட்டும் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பது அம்முறை. சாதாரண இரத்தப் பரிசோதனையும் டாக்டரின் கையும் போதும். அதனால்தான் உலகம் முழுவதும் இன்றும் பயன்படுகிறது.

ஆகவே, அந்த மகனின் கேள்விக்குப் பதில் இதுதான். பணக்காரர் ஆனாலும், லண்டன் ஆனாலும் நியூயார்க் ஆனாலும், தொடக்க நிலையில் மருந்து கொடுக்காமல்தான் அனுப்புவார்கள். நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடைசி வரை சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். இது ஏழை என்பதால் வந்த புறக்கணிப்பு அல்ல.

கெடா மண்ணில் கவனிக்க வேண்டியவை

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? கிருமித் தொற்றில். சி.எல்.எல். நோயாளிகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் அது ஒன்று. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எண்ணிக்கை கூடிய முன்நிலை உள்ளவர்களுக்குக்கூட, சி.எல்.எல்.லுக்குச் சிகிச்சை பெறும் நிலை வருவதைவிடக் கிருமித் தொற்றால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு அதிகம். வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்த்தே பயந்துகொண்டிருக்கிறோம். ஆபத்து வேறு பக்கமாக வருகிறது.

எந்தத் தொற்று? முதலில் அக்கி. சிறு வயதில் அம்மை போட்ட வைரஸ் நரம்புக்குள் ஒளிந்திருக்கும். அதை அடக்கி வைத்திருப்பது டி செல். காவல் தளர்ந்தால் அக்கியாக வெளிவரும். செம்மண் பூசி எழுதிவிட்டு வீட்டில் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அக்கிக்கு மாத்திரை உண்டு. முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அடிக்கடி அக்கி வந்தாலோ, உடம்பில் பரவலாக வந்தாலோ இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது காசநோய். இதையும் நுரையீரலுக்குள் அடைத்து வைப்பது டி செல்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் பொறுத்திருக்கக் கூடாது.

மூன்றாவது, கெடாவில் வாழ்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய மெலியோடோசிஸ். மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் கிருமியால் வருவது. கெடா நம் நாட்டின் நெற்களஞ்சியம் அல்லவா? அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையில் 2005-இல் இந்நோய்க்குத் தனிப் பதிவேடு தொடங்கினார்கள். அதைக் கொண்டு 2010-இல் வெளியான ஆய்வில், உறுதி செய்யப்பட்ட 145 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்திருந்தார்; பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தக் கிருமியை எதிர்ப்பதிலும் டி செல்லுக்குப் பெரும் பங்கு உண்டு. இனிப்புநீரும் இருந்து, சி.எல்.எல்.லும் இருந்தால் இரட்டை எச்சரிக்கை வேண்டும். காலில் புண்ணோடு வயலிலோ கால்வாயிலோ இறங்காதீர்கள். பூட்ஸ், கையுறை இல்லாமல் மண் வேலை வேண்டாம்.

புல் மருந்து அடித்ததால் வந்ததா?

தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. முதுகில் டின்னைச் சுமந்து மருந்தடித்த நம் பெண்கள் பட்ட உபாதைகளை, தெனாகானித்தா அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. அது லுக்கேமியா பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் வேறிடத்தில் ஓர் ஆதாரம் உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தெளித்த ஏஜெண்ட் ஆரஞ்சு என்பது இரண்டு களைக்கொல்லிகளின் கலவை. அதற்கும் சி.எல்.எல்.லுக்கும் தொடர்பு இருப்பதற்குப் போதிய சான்று உண்டு என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2003-இல் அறிவித்தது. அதன்பின் முன்னாள் போர்வீரர்களுக்கு அந்த நோய்க்கு இழப்பீடு கிடைத்தது.

ஆனால் எல்லாப் புல் மருந்தும் ஒன்றல்ல. பாராகுவாட்டை நம் அரசாங்கம் 2020 ஜனவரி முதல் தடை செய்தது அதன் கடும் நச்சுத்தன்மையால்தான்; சி.எல்.எல். காரணமாக அல்ல. தனி ஒருவரைக் காட்டி "இவருக்கு மருந்தடித்ததால்தான் வந்தது" என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என்றாலும், எந்தத் தோட்டத்தில், எத்தனை ஆண்டு, என்ன மருந்து அடித்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அது உங்கள் மருத்துவக் குறிப்பில் இருக்க வேண்டிய செய்தி.

டி செல்லையே மருந்தாக்கினார்கள்

களைத்த டி செல்லை வெளியே எடுத்து, புதுப் பயிற்சி கொடுத்துத் திருப்பி அனுப்பினால் என்ன? 2010-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அதைத்தான் செய்தார்கள். சி.எல்.எல். முற்றிய மூன்று பேரின் டி செல்களை எடுத்து, பி செல்லை அடையாளம் காணும் கருவியை மரபணு வழியாகப் பொருத்தி மீண்டும் உடம்பில் செலுத்தினார்கள். கார்-டி சிகிச்சை என்று இதற்குப் பெயர். பில் லட்விக், டக் ஓல்சன் என்ற இருவருக்கு நோய் முழுமையாக மறைந்தது. பத்தாண்டுக்குப் பிறகும் அந்த டி செல்கள் அவர்கள் உடம்பில் காவல் காத்ததை 2022-இல் அறிவித்தார்கள். லட்விக் 2021-இல் இறந்தார். லுக்கேமியாவால் அல்ல, கோவிட் தொற்றால். கிருமித் தொற்றை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது இப்போது புரிகிறதா?

ஆனால் இந்தச் சிகிச்சை எல்லாருக்கும் இப்படிப் பலிக்கவில்லை. சி.எல்.எல். நோய்க்கான கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்கா 2024 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. அதற்கு அடிப்படையான சோதனையில் நோய் முழுமையாக மறைந்தது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான். காரணங்களில் ஒன்று, எடுக்கும் டி செல்லே களைத்துப் போயிருப்பது. காய்ந்த பட்டையில் எத்தனை நல்ல கத்தியை வைத்தாலும் பால் குறைவுதானே! இப்ருட்டினிப் போன்ற மாத்திரைகள் டி செல்லின் களைப்பையும் ஓரளவு குறைப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

கடல் கடந்த சிகிச்சை நம் கைக்கு எட்டுமா என்று ஏங்க வேண்டாம். நம் கைக்கு எட்டியதை முதலில் செய்வோம்.

ஒன்று: 40 வயதைத் தாண்டியவர்கள் முழு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 2019-இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் உண்டு. லிம்போசைட் கூடியிருந்தால் மறுபடியும் சோதிக்கச் சொல்லுங்கள். கிருமித் தொற்றாலும் அது கூடலாம். ஒரு தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டு: தவணை தவறாதீர்கள். வேலைக்குப் போன பிள்ளைகள் விடுப்பு எடுக்க முடியவில்லை என்பதற்காக அப்பாவின் தவணையைத் தள்ளிப் போடாதீர்கள். சுங்கைப்பட்டாணியிலோ அலோர் ஸ்டாரிலோ இருந்து பினாங்குக்கு அனுப்பினாலும் போய் வாருங்கள். பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களை ஒரே உறையில் போட்டு வையுங்கள். எண்ணிக்கை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் டாக்டருக்கு முக்கியம்.

மூன்று: காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் பனடோலைப் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய், "எனக்குச் சி.எல்.எல். இருக்கிறது" என்று பதிவு முகப்பிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலாகத்தான் பார்ப்பார்கள்.

நான்கு: தடுப்பூசி. சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் உரிய ஊசிகளை டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இந்நோயில் தடுப்பூசியின் பலன் குறைவாக இருக்கலாம். நோய் தொடக்கத்தில் இருக்கும்போதே போட்டால் பலன் கூடுதல். ஆனால் உயிருள்ள கிருமியைக் கொண்ட ஊசிகள் கூடாது. அக்கிக்கு உயிரற்ற வகை ஊசியும் உண்டு. வீட்டில் உள்ளவர்களும் ஊசி போட்டுக்கொண்டால் பெரியவருக்குப் பாதுகாப்பு.

ஐந்து: கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டி இறங்காமல் இருந்தாலோ, இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ, இடப்பக்க வயிறு கனமாகத் தெரிந்தாலோ தவணை வரும் வரை காத்திராதீர்கள்.

நேயர்களே, "மருந்து வேண்டாம்" என்று டாக்டர் சொன்னால் அதற்கு "கவனம் வேண்டாம்" என்று பொருள் அல்ல. மருந்து இல்லாத அந்தக் காலத்தில் தளர்ந்த காவலுக்குத் துணை நிற்க வேண்டியது நோயாளியும் அவர் குடும்பமும்தான். அந்த மகனிடமும் இதைத்தான் சொன்னேன். அப்பாவின் அடுத்த தவணை எந்தத் தேதி என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வீட்டில் கார்டைப் பார்க்க வேண்டும்" என்றார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கார்டு மேசைக்குள் கிடந்தால், இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அதை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

அடுத்த வார அரங்கில் சந்திப்போம்.